புதுப்பிப்பு: ஏசி போட்டதும் ஐடிலிங் இறங்கிய பிரச்சினை தீர்ந்தது

என் வண்டியின் ஏசி பிரச்சினை பற்றி முன்பு இங்கே கேட்டிருந்தேன், யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. பிரச்சினை இதுதான்: ஏசி போடாதபோது ஐடிலிங் (ஆக்ஸிலரேட்டர் அழுத்தாமல் நிற்கும்போது இன்ஜின் சுழலும் வேகம்) 750 ஆர்பிஎம் (நிமிடத்துக்கு 750 சுற்று), ஏசி கம்ப்ரெஸரை இன்ஜினோடு இணைக்கும் கிளட்ச் பிடித்ததும் 550க்கு இறங்கி வண்டி உதறும், சில நேரம் அணைந்தேவிடும்.

த்ராட்டில் பாடியை (இன்ஜினுக்குள் போகும் காற்றை ஒரு தட்டால் கட்டுப்படுத்தும் பாகம்) சுத்தம் செய்யச் சொன்ன யோசனைதான் பலித்தது. கம்ப்ரெஸர் சுமை ஏறும்போது இசியூ (இன்ஜினைக் கட்டுப்படுத்தும் கணினி) த்ராட்டிலைச் சற்றுத் திறந்து கூடுதல் காற்று விட வேண்டும். தட்டின் விளிம்பில் கரி அடைத்திருந்ததால் அந்தக் காற்று போதவில்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றி, த்ராட்டில் பாடியைத் தனியே எடுத்து, அதற்கான கிளீனரைத் துணியில் அடித்துத் துடைத்தேன். எலெக்ட்ரானிக் த்ராட்டிலில் தட்டை விரலால் அழுத்தித் திறக்கவே கூடாது. உள்ளே இருக்கும் பற்சக்கரம் கெடக்கூடும். கேஸ்கெட்டும் (இணைப்பில் காற்று கசியாமல் அடைக்கும் தகடு) புதிதாகப் போட்டேன்.

எதிர்பாராதது: சுத்தம் செய்தபின் ஐடிலிங் 1,300க்கு ஏறி நின்றது. பேட்டரியைக் கழற்றியும், கரியை ஈடுகட்ட இசியூ கற்றுவைத்த பழைய அளவு அழியாமல் இருந்ததே காரணம். ஐடில் ரீலேர்ன் (ஐடிலிங் அளவை இசியூ புதிதாகக் கற்கச் செய்வது) செய்ததும் சரியானது. இதன் முறை வண்டிக்கு வண்டி மாறும், சிலவற்றுக்கு இசியூவுடன் இணைக்கும் ஸ்கேனர் கருவி தேவை. இந்த வண்டியில் இன்ஜின் சூடானபின் ஏசி இல்லாமல் 10 நிமிடம், ஏசியுடன் 5 நிமிடம் ஓடவிட்டதே போதும்.

இப்போது ஏசி போட்டால் ஒரு நொடி சற்றே இறங்கி, 850இல் நிலையாக நிற்கிறது. கம்ப்ரெஸர் மாற்றத் தேவைப்படவில்லை.