ராத்திரி எதுக்களிப்பு: நம்ம குடும்பம் குரூப்

செல்வி அத்தை: கவி, மாமாவுக்குப் படுத்தாலே நெஞ்சு கரிக்குது. புளிச்ச தண்ணி தொண்டை வரைக்கும் வருது. பான்டோப்ரசோல் 40 பத்து நாளா போட்டும் கேக்கலை. அமிலம் அதிகமாயிடுச்சோ?

கவிதா: மாத்திரை எப்போ போடுறாங்க அத்தை?

செல்வி அத்தை: இட்லி சாப்பிட்டுட்டு. மறந்துட்டா படுக்கும்போது.

கவிதா: அதான் கேக்கலை. இரைப்பைச் சுவர்ல அமிலம் சுரக்குற பம்புகள் இருக்கு. சாப்பாடு வரும்போதுதான் நிறைய பம்பு வேலை செய்யும். வேலை செய்யுற பம்பைத்தான் இந்த மருந்து அடைக்கும். அதனால சாப்பாட்டுக்கு அரை மணி, ஒரு மணி முன்னாடியே மருந்து உள்ள போயிருக்கணும். உடைச்சுப் போடக்கூடாது. மேல்பூச்சு போச்சுன்னா இரைப்பை அமிலமே மருந்தைக் கெடுத்துடும்.

கவிதா: பெரும்பாலும் அமிலம் அதிகமானதால இது வர்றதில்ல அத்தை. இரைப்பைக்குள்ள வழவழன்னு ஒரு படலம் இருக்கு, அமிலத்தைத் தாங்கும். உணவுக்குழாய்க்கு அந்தக் காப்பு இல்ல. ரெண்டும் சேர்ற இடத்துல 3–4 செ.மீ. நீளத்துக்கு ஒரு தசை வால்வு மாதிரி இறுக்கிப் பிடிச்சிருக்கும். அது நேரங்கெட்ட நேரத்துல தளர்ந்தா அமிலம் மேல ஏறிடும்.

ரவி: சோடா குடிச்சா ஏப்பம் வந்து லேசாகுதே?

கவிதா: அந்த வால்வு திறக்குறதாலதான் ரவி ஏப்பமே வருது. காத்தோட அமிலமும் ஏறும். வேண்டாம்.

முருகன் சித்தப்பா (மெடிக்கல்): அக்கா, அத்தான் பிரஷருக்கு என்ன மாத்திரை போடுறாங்க?

செல்வி அத்தை: அம்லோடிபின் 5.

முருகன் சித்தப்பா: அதுவும் அந்தத் தசையைத் தளர்த்தும். நீங்களா நிறுத்திடாதீங்க, எழுதின டாக்டர்கிட்ட சொல்லுங்க. நடுவுல கரிச்சா அமிலத்தை முறிக்குற ஆன்டாசிட் ஜெல் 10 மி.லி. குடிக்கலாம், சட்டுனு கேக்கும். தைராய்டு மாத்திரை போடுறவங்கன்னா அதுக்கும் ஜெல்லுக்கும் நடுவுல 4 மணி நேரம் இடைவெளி விடணும்.

செல்வி அத்தை: ரெண்டு தலகாணி வச்சுத்தான் படுக்குறாங்க.

கவிதா: அது இடுப்புல மடங்கி வயித்தை அமுக்கும். கட்டிலோட தலைமாட்டையே 6 இன்ச் தூக்குங்க. படுக்கவச்ச செங்கல் 3 இன்ச். தலைமாட்டுக் கால் ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு அடுக்கினா சரி. ஆடக்கூடாது. அகலமான மரக்கட்டை இருந்தா இன்னும் நல்லது. இடது பக்கமா படுக்கச் சொல்லுங்க. இரைப்பை இடப்பக்கம்தான் புடைச்சிருக்கு, அப்படிப் படுத்தா அமிலம் வால்வுக்குக் கீழ தங்கும். வலது பக்கம் படுத்தா வால்வே அமிலத்துல முங்கிடும்.

கவிதா: ராத்திரி சாப்பிட்டு 3 மணி நேரம் கழிச்சுப் படுக்கணும். பரோட்டா, எண்ணெய்ப் பலகாரமெல்லாம் இரைப்பையை விட்டு மெதுவாத்தான் இறங்கும்.

முருகன் சித்தப்பா: கவி, அந்த முக்கியமானதையும் சொல்லிடு.

கவிதா: ஆமா. விழுங்கும்போது அடைக்குது, மலம் தார் மாதிரி கறுப்பா போகுது, காரணமில்லாம எடை குறையுதுன்னா எண்டோஸ்கோபி பார்த்தே ஆகணும். நெஞ்சை அழுத்தி, வேர்த்து, இடது கை, தாடைன்னு வலி பரவினா கேஸ்னு நினைச்சு ஜெல் குடிச்சுட்டு உட்காரக் கூடாது. உடனே 108.

செல்வி அத்தை: அதெல்லாம் இல்லம்மா. அப்போ ஏழு மணிக்கு இட்லின்னா ஆறரைக்கு மாத்திரை?

கவிதா: ஆறேகால் வச்சுக்கோங்க. முழுசா கேக்க 3–4 நாளாகும், விடாம போடச் சொல்லுங்க.