டைம்லைன் முழுக்க ‘மீடியா ஆஃப்லைன்’: செய்த எடிட்டைக் காப்பாற்ற முடியுமா?

கேள்வி:
வணக்கம். ஒரு ஆவணப்படத்தை பிரீமியர் புரோ என்ற வீடியோ எடிட்டிங் மென்பொருளில் எடிட் செய்து வருகிறேன், ரஃப் கட் (முதல்கட்டத் தொகுப்பு) முடிந்துவிட்டது. நேற்று வரை ஒழுங்காக ஓடிய ப்ராஜெக்டை இன்று திறந்தால் எல்லா கிளிப்பும் ‘மீடியா ஆஃப்லைன்’ என்று சிவப்பாக நிற்கிறது. ஃபுட்டேஜ் எல்லாம் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்கில் அப்படியே இருக்கிறது, வி.எல்.சி.யில் ஓடவும் செய்கிறது. விண்டோஸ் கணினி. சிவப்பு கிளிப்களை அழித்துவிட்டு மறுபடி இம்போர்ட் செய்யலாமா?

பதில் 1:
தயவுசெய்து அழிக்காதீர்கள். ப்ராஜெக்ட் பேனலில் (இம்போர்ட் செய்த கிளிப்களின் பட்டியல்) ஒரு கிளிப்பை அழித்தால், அதிலிருந்து டைம்லைனில் (படத்தை வரிசைப்படுத்தும் இடம்) வெட்டிப் போட்ட துண்டுகளும் கூடவே போய்விடும். ப்ராஜெக்ட் ஃபைலுக்குள் வீடியோ கிடையாது. உங்கள் வெட்டுகளும், ஃபைல் எந்த டிரைவில் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்ற முகவரியும்தான் இருக்கும். முகவரி தப்பிப்போனதால்தான் சிவப்பு. வெட்டுகள் பத்திரமாக இருக்கின்றன. டிரைவ் எழுத்து மாறியிருக்கிறதா பாருங்கள்.

கேட்டவர்:
ஆமாம்! முன்பு ‘இ’, இப்போது ‘எஃப்’. ஒரு பென் டிரைவ் ‘இ’யை எடுத்துக்கொண்டிருக்கிறது.

பதில் 1:
பிரீமியரை மூடி, பென் டிரைவைக் கழற்றுங்கள். விண்டோஸின் டிஸ்க் மேனேஜ்மென்ட் கருவியில் அந்த ஹார்டு டிஸ்க்கின் மேல் ரைட் கிளிக் செய்து ‘இ’ எழுத்தைத் திரும்பக் கொடுங்கள். அப்புறம் ப்ராஜெக்டைத் திறந்தால் தானாகவே பிடித்துக்கொள்ளும்.

கேட்டவர்:
பெரும்பாலானவை வந்துவிட்டன, மிக்க நன்றி. ஆனால் கேமராவின் இரண்டாவது மெமரி கார்டிலிருந்து எடுத்த கிளிப்கள் மட்டும் இன்னும் சிவப்பு. அந்த ஃபோல்டரின் பெயரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். ஃபைல் இருக்கும் இடத்தைக் காட்டிக் கோக்கும் ‘லிங்க் மீடியா’ கொடுத்துப் பார்த்தேன். பேட்டி இருந்த இடத்தில் தெருக்காட்சி வருகிறது.

பதில் 2:
இரண்டு கார்டிலும் கேமரா சி0001, சி0002 என்று ஒரே பெயர்களை வைத்திருக்கும். பெயரை மட்டும் பார்த்தால் மென்பொருள் தவறான கிளிப்பைக் கோத்துவிடும், சிவப்பும் மறைந்துவிடும். ஆஃப்லைனை விட இதுதான் ஆபத்து, ஏனென்றால் கண்ணில் படாமல் போகலாம். சேவ் செய்யாமல் ப்ராஜெக்டை மூடுங்கள். மறுபடி திறந்தால் லிங்க் மீடியா ஜன்னலில் பழைய முகவரி தெரியும். ஃபோல்டருக்கு அதே பழைய பெயரை வைத்துவிட்டால் வேலை முடிந்தது.

ஏற்கெனவே சேவ் செய்திருந்தால், தவறாகக் கோத்த கிளிப்பில் ‘மேக் ஆஃப்லைன்’ கொடுங்கள். அங்கே இரண்டு தேர்வு வரும். ஃபைல் டிஸ்க்கில் இருக்கட்டும் என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். மற்றது ஃபுட்டேஜையே அழித்துவிடும். பிறகு லிங்க் மீடியாவில் ஃபைல் பெயரோடு ‘மீடியா ஸ்டார்ட்’ என்பதையும் டிக் செய்தால் டைம்கோடையும் (கிளிப்பில் பதிவான நேரக் குறியீடு) ஒப்பிட்டுப் பார்க்கும். டைம்கோடு ஒவ்வொரு கிளிப்பிலும் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தால் இது உதவாது, ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் கோக்க வேண்டும்.

கேட்டவர்:
சேவ் செய்யவில்லை. பழைய பெயரை வைத்தேன், பேட்டி முழுவதும் சரியான இடத்தில் வந்துவிட்டது. இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பென் டிரைவ் மறுபடி எழுத்தைப் பிடிக்காமல் இருக்க ஏதாவது வழி?

பதில் 1:
ஹார்டு டிஸ்க்குக்கு ‘ஆர்’ மாதிரி பின்னால் உள்ள எழுத்தைக் கொடுங்கள். நீங்களாகக் கொடுத்த எழுத்தை விண்டோஸ் அந்த டிஸ்க்குக்காக நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் இந்தப் படம் முடிந்த பிறகு மாற்றுங்கள், இப்போது வேண்டாம்; முகவரி மறுபடி தப்பிப்போகும்.