நெட் பில்லு எங்க வே?

தாராவி 90 அடி ரோடு: "ஓடிடி மாசம் 400 ரூபாதான், இன்னும் கேபிள் கட்டுறவன் ஏமாளி"ன்னு செம்பூர்க்காரர் நேத்து நம்ம மும்பை சங்கத்து குரூப்ல எழுதுனத படிச்சதுலேர்ந்து வயிறு எரியுது. நெட் பில்லு எங்க வே? படம் காத்துலயா வருது?

செம்பூர்க்காரன்: கணக்கு பாருங்க அண்ணாச்சி. நெட்ஃப்ளிக்ஸ் பேசிக் பிளான் 499ஆ இருந்தத 2021 டிசம்பர்ல 199 ஆக்கிட்டான், பிரைம் வருசம் 1499, மாசத்துக்கு 125, ஜியோஹாட்ஸ்டார் 2025ல வந்தப்ப எடுத்த சூப்பர் பிளான் வருசம் 899, அது ஒரு 75. கூட்டுனா 399. என் பழைய கேபிள்காரர் 450 வாங்குனாரு, ரசீது கேட்டா மூஞ்சிய திருப்பிக்குவாரு.

தாராவி 90 அடி ரோடு: நெட் பில்லு?

செம்பூர்க்காரன்: அது ஆபீஸ் வேலைக்குப் போட்டது. டிவி பாக்கலன்னாலும் கட்டத்தான் போறேன், அத எதுக்கு சேக்கணும்?

தாராவி 90 அடி ரோடு: உனக்கு ஆபீஸ் வேலை. எங்கம்மா சீரியல் பாக்குறதுக்கு மட்டும் நான் நெட்டு இழுத்தா அந்தக் காசு யாரு தலையில? 2019ல கேபிள் கட்டணத்துக்கு விதி போடுற டிராய் அமைப்போட விதி வந்தப்ப மாசம் 100 சேனலுக்கு 130, ஜிஎஸ்டியோட 153.40. சன் டிவி தனியா 19, அதுக்கு மேல வரி. வேணுங்கறத மட்டும் எடுத்தா 200க்குள்ள முடிஞ்சுது. அதுல நெட் பில்லு கிடையாது.

மாட்டுங்கா மாமி: 153லாம் பேப்பர்லதான். எங்க பில்டிங்ல சன் டிவி மட்டும் கேட்டா தரமாட்டா, தெலுங்கு மலையாளம் எல்லாம் சேத்து மொத்தமா தலைல கட்டறா. அந்த 130 உச்சவரம்பையே 2024 ஜூலைல டிராய் எடுத்துடுத்து, நீங்க இன்னும் 2019லயே நிக்கறேள்.

தாராவி 90 அடி ரோடு: நான் கேட்டது நெட் பில்லு மாமி.

செம்பூர்க்காரன்: மாமிக்கு பதில் சொல்லுங்க முதல்ல.

தாராவி 90 அடி ரோடு: நீ முதல்ல சொல்லு. ஐபிஎல்ல 2023, 2024ன்னு ஜியோசினிமால சும்மா காட்டி பழக்கிட்டு 2025ல காசு கேட்டான், பிரைம்ல 2025 ஜூன்லேர்ந்து விளம்பரம், வேண்டாம்னா வருசத்துக்கு இன்னொரு 699, உன் 199 நெட்ஃப்ளிக்ஸ்ல ஒரு நேரத்துல ஒரு ஸ்கிரீன்தான், பொண்டாட்டி போன்ல பாத்தா நீ சுவத்தப் பாக்கணும். இதெல்லாம் 399ல இருக்கா?

சயான் கோலிவாடா: ரெண்டு பேரும் டிடி ஃப்ரீ டிஷ் வைங்கப்பா, மாசக் கட்டணமே இல்ல.

தாராவி 90 அடி ரோடு: எங்கம்மா சீரியல் அதுல வருமா? வராதுன்னா சும்மா இரு.

செம்பூர்க்காரன்: போன பொங்கலுக்கும் இப்படித்தான், சங்கத்துல பந்தல் செலவு ஒன்னையே பிடிச்சுக்கிட்டு மீட்டிங்கையே கெடுத்தீங்க.

தாராவி 90 அடி ரோடு: அந்த பந்தல் செலவு 12,000ன்னு எழுதுனதும் நீதான், அதுக்கு இன்னும் கணக்கு வரல. நெட் பில்லு, பந்தல் பில்லு ரெண்டையும் போட்டோ எடுத்துப் போடு.

மாட்டுங்கா மாமி: பந்தலுக்கு நானும் 500 குடுத்தேன். கணக்கு எங்க?