ஸ்ட்ரீமிங்கில் பார்க்கும் மேடை நாடகத்துக்கு என்ன சொல்?

மதுரையிலிருந்து:

அனைவருக்கும் வணக்கம். தொலைநிலைக் கல்வி மாணவர்களுக்கு அரங்கியல் பாடம் ஒன்று எழுதிக்கொண்டிருக்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. 'கொரோனாவுக்குப் பிறகு நாடகம்' என்கிற அலகில்தான் சிக்கல். பதிவு செய்த மேடை நாடகத்தை வீட்டிலிருந்தே இணையத்தில் பார்ப்பதற்கு ஒரு சொல் வேண்டும். ஆனால் உண்மையில் மூன்று சொல் வேண்டும், ஏனென்றால் விஷயமே மூன்று.

லண்டன் நேஷனல் தியேட்டர் 2009 ஜூனில் ஹெலன் மிர்ரன் நடித்த 'ஃபெத்ர' நாடகத்தை மேடையில் நடக்கும்போதே சினிமா தியேட்டர்களுக்கு அனுப்பியது. 'நேஷனல் தியேட்டர் லைவ்' அப்படித்தான் தொடங்கியது. இது ஒன்று. நியூயார்க் பொது நூலகம் 1970 முதல் நாடகங்களைப் படம்பிடித்துச் சேர்த்து வைக்கிறது. அதை ஆய்வுக்காக நூலகத்துக்கே போய்த்தான் பார்க்க முடியும், வீட்டுக்கு வராது. இது இரண்டு. மூன்றாவது, 2020 ஏப்ரலில் ஊரடங்கின்போது அதே நேஷனல் தியேட்டர் வாரம் ஒரு நாடகமாக யூடியூபில் இலவசமாக விட்டதும், அந்த டிசம்பரில் கட்டணத் தளமாகவே தொடங்கியதும். இந்த மூன்றுக்கும் 'நாடக ஒளிபரப்பு' என்றே எழுதிவிட்டு, இப்போது வித்தியாசத்தை எப்படிச் சொல்வது என்று முழிக்கிறேன். உதவுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

அம்மா, நல்ல கேள்வி. முதலில் 'ஸ்ட்ரீம்' என்பதைப் பார்ப்போம், ஆங்கிலத்தில் அது நீரோட்டம். பலரும் 'தாரை' என்கிறார்கள். அது வடமொழியிலிருந்து வந்தது, நமக்கு எதற்கு? அதிலும் 'தாரை வார்த்தல்' என்றால் நீர் ஊற்றிக் கையைவிட்டே கொடுத்துவிடுவது. நாடகக் குழு உரிமையை யாருக்கோ தாரை வார்த்துவிட்டது போல ஆகிவிடும். ஒழுகு என்பது தூய தமிழ் வேர். ஒழுகுதல் ஓடுதல், அதிலிருந்தே ஒழுக்கம் வந்தது, வழி பிசகாமல் ஓடுவது. ஆகவே 'ஒழுகரங்கு' என்று முன்வைக்கிறேன்.

அரங்கு என்ற சொல்லைப் பற்றியும் ஒன்று. ரங்க என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று யாராவது கிளம்பும் முன் சொல்லிவிடுகிறேன், அரங்கம் என்றால் ஆற்றிடைக்குறை. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருப்பதால்தான் அது திருவரங்கம். மேட்டு நிலம் என்ற பொருளிலிருந்து மேடைக்கு வந்திருக்க வேண்டும். நீர் ஓட்டமும் அரங்கும் ஏற்கெனவே தொடர்புடையவை என்பதைக் கவனியுங்கள். நாம் புதிதாக ஒட்ட வேண்டியதே இல்லை!

டொராண்டோவிலிருந்து:

ஐயா, மன்னிக்க வேணும். எங்கட ஊரில் ஒழுக்கு என்றால் மழைக்குக் கூரை ஒழுகுவது, கீழே வாளி வைக்க வேணும். ஒழுகரங்கு என்று யாழ்ப்பாணத்துப் பிள்ளைக்குச் சொன்னால் ஓடு மாத்தாத மண்டபம் என்றுதான் நினைக்கும். அதோடு ஆற்றிடைக்குறை என்றால் ஆறு ஓடாத இடம் அல்லவோ? சுற்றித்தானே ஓடுது.

மதுரை அம்மாவின் முதலாவதுக்கு ஒரு யோசனை. எங்கட வானொலிக்காரர் ஓரிடத்து நிகழ்ச்சியை இன்னோரிடத்தில் அப்படியே எடுத்து விடுவதை 'அஞ்சல்' என்றே சொல்லிப் பழகினவை. மேடையில் நடக்கிறதைச் சினிமாக் கொட்டகைக்கு அனுப்புவது அதேதான். 'அரங்க அஞ்சல்' என்று வைக்கலாம். இலங்கையில் 'நாடகமும் அரங்கியலும்' என்று பள்ளிக்கூடப் பாடமே இருக்கிறது, உயர்தரத்துக்குப் படிக்கிற பிள்ளைகளுக்கும் உங்களுடைய சொற்கள் உதவும். அதனால் கடுமையாக வைக்காதேங்கோ.

சேலத்திலிருந்து:

நான் சப்டைட்டில் வேலை செய்கிறவன், நேராகச் சொல்கிறேன். மக்கள் 'ஸ்ட்ரீமிங்' என்கிறார்கள், 'ஓடிடி' என்கிறார்கள், நாளிதழ்களும் 'ஓடிடி தளம்' என்றே அச்சடிக்கின்றன. ஓடிடிக்கு 'மேலதிக ஊடக சேவை' என்று ஒரு மொழிபெயர்ப்பு உலவுகிறது, அதைக் கேட்டு யாராவது படம் பார்க்க உட்கார்ந்திருப்பார்களா? 'ஸ்ட்ரீமிங் நாடகம்' என்று விட்டுவிட்டுப் போகலாம். தொல்காப்பியரே இயற்சொல், திரிசொல், திசைச்சொல், வடசொல் என்று நான்குக்கும் இடம் கொடுத்திருக்கிறார். இது வெளியிலிருந்து வந்த திசைச்சொல் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கும்பகோணத்திலிருந்து:

தம்பி, திசைச்சொல் 'செந்தமிழ் சேர்ந்த பன்னிரு நிலத்து'ச் சொல். அந்தப் பன்னிரண்டில் கலிபோர்னியா இல்லை. மேலும் ஸ் என்பது மொழிமுதலில் வராது.

சேலத்திலிருந்து:

சரி ஐயா, இசுட்டிரீமிங்கு. இப்போது நிம்மதியா?

சென்னையிலிருந்து:

சண்டை வேண்டாம். நான் சபா நாடகத்தில் மேடைக்குப் பின்னால் காலம் தள்ளியவன், என் பங்குக்குச் சொல்கிறேன். நாங்கள் இதற்கெல்லாம் பெயரே வைக்கவில்லை. முன்பு ஆடியோ கேசட்டில் வந்தால் 'கேசட் நாடகம்'. எஸ்.வி. சேகர் நாடகங்களை மேடையில் பார்த்தவர்களைவிடக் கேசட்டில் கேட்டவர்கள் அதிகம் என்றுதான் எனக்குத் தோன்றும், பொங்கல் விடுமுறையில் தெருவெல்லாம் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். அந்தச் சிரிப்புத்தான் முக்கியம். கூட்டத்தின் சிரிப்பை எடுத்துவிட்டால் பாதி ஜோக் விழாது. வானொலியில் சினிமா வசனத்தைச் சுருக்கிப் போட்டால் 'ஒலிச்சித்திரம்', அதுவும் அழகாக ஒட்டிக்கொண்டது. ஆக, எந்த வழியாக வருகிறதோ அந்தப் பெயர்தான் நாடகத்துக்கு முன்னால் ஒட்டும்.

ஆனால் அம்மா சொன்ன இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் இன்னொரு வித்தியாசம் இருக்கிறது, அதைப் பாடத்தில் விட்டுவிடாதீர்கள். ஒரு கேமராவைக் கடைசி வரிசையில் நட்டுவைத்து எடுப்பது ஆவணம். முகம் தெரியாது, வசனம் எதிரொலிக்கும். வீட்டில் பார்ப்பதற்காக எடுப்பது வேறு தொழில். பல கேமரா, நடிகருக்குத் தனித்தனி மைக், மேடை விளக்கையே கேமராவுக்காக மாற்ற வேண்டும். கண்ணுக்குச் சரியாக இருக்கிற வெளிச்சத்தில் கேமரா வெளுத்துப்போகும், இல்லாவிட்டால் இருட்டில் மூழ்கும். 'ஹாமில்டன்' என்ற இசைநாடகத்தை 2016 ஜூனில் நியூயார்க்கில் எடுத்து 2020 ஜூலை 3 அன்று டிஸ்னி பிளஸ்ஸில் வந்தது. கூட்டம் இருந்த காட்சிகளோடு, அரங்கு காலியாக இருந்தபோது மேடைக்குள்ளேயே கேமராவைக் கொண்டுபோய் எடுத்த நெருக்கமான காட்சிகளையும் சேர்த்துத்தான் வெட்டியிருக்கிறார்கள். அதை 'பதிவு' என்று சொன்னால் போதுமா? பாதி சினிமா அது.

கும்பகோணத்திலிருந்து:

ஆகா, விளக்கு என்றதும் நினைவு வந்தது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையில் இளங்கோவடிகள் 'தூணிழற் புறப்பட மாண்விளக் கெடுத்து' என்கிறார், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாமல் வெளியே விழும்படி விளக்கு வைக்க வேண்டும். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம் என்று மேடைக்கு அளவு சொல்லிவிட்டு, ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்று மூன்று திரையும் சொல்கிறார். நாம் ஏன் 'எழினி'யை மீட்கக் கூடாது? வீட்டுத் திரையில் வரும் நாடகம் 'எழினி நாடகம்'. அல்லது 'இல்லரங்கு'. இல் என்றால் வீடு.

டொராண்டோவிலிருந்து:

இல் என்றால் இல்லை என்றும் வரும் ஐயா. இல்லரங்கு, அரங்கே இல்லாதது. ஊரடங்கில் அதுதான் உண்மை என்றாலும்!

மதுரையிலிருந்து:

எல்லாருக்கும் நன்றி. எழினி பற்றிக் கேட்கவே ஆசையாக இருக்கிறது, ஆனால் இப்போதெல்லாம் எழினி என்றால் வகுப்பில் ஒரு மாணவி 'உள்ளேன்' என்பாள். 'வீடு' என்பது சொல்லுக்குள் வர வேண்டுமா என்பதும் எனக்குச் சந்தேகம். பேருந்தில் கைப்பேசியில் பார்த்தால் பெயர் மாறிவிடுமா என்ன? சென்னை ஐயா சொன்ன விளக்கு, கேமரா விஷயத்தைப் பாடத்தில் சேர்த்துக்கொள்கிறேன்.

ஒருவர் தனிமடலில் 'இணையவழி நாடகம்' என்று எழுதியிருந்தார். இணையவழிக் கல்வி, இணையவழி விண்ணப்பம் எல்லாம் பழகிவிட்டதால் கவர்ச்சியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஊரடங்கில் நடிகர்கள் ஆளுக்கொரு வீட்டில் இருந்துகொண்டு ஜூமில் நடித்தார்களே, அதற்குத்தான் அந்தப் பெயர் சரி. அங்கே நாடகமே இணையத்தில்தான் நடக்கிறது. இங்கே நடந்தது மேடையில், வந்து சேர்வதுதான் இணையத்தில். அதைக் குழப்பினால் மாணவர்கள் தேர்வில் என்னைத்தான் திட்டுவார்கள். 'பதிவு நாடகம்' எப்படி?

சேலத்திலிருந்து:

பதிவுத் திருமணம் மாதிரி இருக்கிறது, சார்பதிவாளர் முன்னால் இரண்டு சாட்சியோடு. 'பதிவரங்கு' என்று யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன், அது 'பதிவர் அங்கு' என்று படிக்கப்படும். ஆங்கிலச் சொல் வேண்டவே வேண்டாம் என்றால் 'ஓடை' எவ்வளவோ மேல். கொஞ்ச நாளாக அங்கங்கே கண்ணில் படுகிறது.

சென்னையிலிருந்து:

ஓடை என்றால் எங்கள் தெருவில் மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவோம்.

கும்பகோணத்திலிருந்து:

ஓடை என்பதற்கு யானையின் நெற்றிப்பட்டம் என்றும் பொருள் உண்டு. சங்கப் பாட்டில் யானை வந்தால் பல இடத்தில் ஓடையும் வரும். ஆகவே இழிவான சொல் இல்லை. ஆனால் அது நாடகத்துக்குப் பொருந்தாது.

நேற்றிரவு யோசித்ததில் இதைவிடச் சிறந்தது கிடைத்தது. 'ஓடுநாடகம்'. வினைத்தொகை. ஓடிய நாடகம், ஓடுகின்ற நாடகம், ஓடும் நாடகம். 'காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை' என்பது நன்னூல், கரந்த என்றால் மறைந்த. பதிவு செய்த நாடகத்தின் இயல்பே காலம் கரந்திருப்பதுதானே? நடந்தது என்றோ, பார்ப்பது இன்று, நாளையும் பார்க்கலாம். இலக்கணமே இந்தக் கலைக்காகக் காத்திருந்தது போல இல்லையா? சினிமாவைக்கூட 'படம் ஓடுகிறது' என்றுதானே மக்கள் சொல்கிறார்கள். தூய்மையும் உண்டு, புரிதலும் உண்டு.

டொராண்டோவிலிருந்து:

ஐயா, இது உண்மையிலேயே வடிவாக இருக்கு. வினைத்தொகை விளக்கத்துக்கு என் வணக்கம்.

சேலத்திலிருந்து:

வடிவாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அச்சில் எவராவது ஒரு ட் சேர்த்தால் 'ஓட்டு நாடகம்'. அது ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற வேறு நாடகம். சேர்ப்பார்கள், எனக்குத் தெரியும், நான் தினமும் திருத்துகிறேன்.

சென்னையிலிருந்து:

இன்னொன்றும் இருக்கிறது. 'நாடகம் ஓடுது' என்றால் எங்கள் தொழிலில் நன்றாகப் போகிறது, வசூல் ஆகிறது என்று அர்த்தம். ஓடாத நாடகத்தையும் தளத்தில் போடுவார்களே, அது ஓடாத ஓடுநாடகமா? இலக்கணத்துக்காகக் காலம் கரக்கலாம், நஷ்டத்தைக் கரக்க முடியாது.

பெயரைவிட எனக்கு வேறு கவலை. 'கூத்தாட்டு அவைக்குழாத் தற்றே' என்று வள்ளுவர் செல்வத்துக்கு உவமை சொன்னார். கூட்டம் ஒவ்வொருவராக வந்து சேரும், முடிந்ததும் மொத்தமாகக் கலையும். வீட்டில் பார்க்கிறவன் அவையே இல்லை. நடுவில் நிறுத்திவிட்டுத் தோசை திருப்பப் போவான், மிச்சத்தை அடுத்த வாரம் பார்ப்பான். பார்க்காமலும் விடுவான். அந்தத் தளங்களில் வாடகைக்கு எடுத்தால் குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் பார்த்து முடிக்க வேண்டும் என்று கெடு வேறு. பாடத்தில் இதைப் பற்றி ஒரு பத்தியாவது எழுதுங்கள் அம்மா, எந்தச் சொல்லை வைத்தாலும் சரி.

மதுரையிலிருந்து:

அச்சகத்திலிருந்து இரண்டு முறை அழைத்துவிட்டார்கள், அதனால் முடிவு செய்துவிட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். சினிமா அரங்குக்கு நேராகப் போவது 'அரங்க அஞ்சல்'. டொராண்டோ அண்ணாவுக்கு நன்றி, இதற்கு மட்டும் யாரும் மறுப்புச் சொல்லவில்லை. நூலகத்தில் சேமிப்பது 'அரங்க ஆவணப் பதிவு'. மூன்றாவதுக்கு, தனிமடலில் சொன்னவர்களையும் சேர்த்துப் பார்த்தால் 'ஓடை நாடகம்' பக்கம்தான் அதிகம் பேர். பிடித்துச் சொன்ன மாதிரி தெரியவில்லை, சலித்துப்போய்ச் சொன்ன மாதிரிதான் இருக்கிறது. முதல் இடத்தில் 'ஸ்ட்ரீமிங் வழியாகப் பார்க்கும் மேடை நாடகம், இதை ஓடை நாடகம் என்போம்' என்று எழுதிவிட்டு, பிறகு ஓடை நாடகம் என்றே போகிறேன்.

கும்பகோணத்திலிருந்து:

பெரும்பான்மைக்குக் கட்டுப்படுகிறேன், ஏற்கவில்லை. ஓடை பெயர்ச்சொல், வெறும் நீர்நிலை; ஓடுநாடகம் போல அது வினைத்தொகை ஆகாது. என் கட்டுரைகளில் ஓடுநாடகம் என்றே எழுதுவேன். ஐம்பது ஆண்டு கழித்து எது நிற்கிறது என்று பார்ப்போம், நான் இருக்க மாட்டேன் என்பது வேறு. அடிக்குறிப்பில் மாற்றுச் சொல்லாகவாவது போட இடமிருக்கிறதா?

சேலத்திலிருந்து:

அம்மா அனுப்பிய மெய்ப்பை இப்போதுதான் படித்தேன். ஓடை நாடகம் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கிறது. ஆனால் முதல் பக்கத்தில் 'காணொளி', கடைசிப் பக்கத்தில் 'காணொலி'. எதை வைக்க?

கும்பகோணத்திலிருந்து:

காணொளிதான், அதுவும் வினைத்தொகை.

டொராண்டோவிலிருந்து:

ஐயா, ஒளியை மட்டும் கண்டால் சத்தத்துக்கு எங்கே போவது? காணொலி என்கிறவர்களுக்கும் நியாயம் இருக்கு...