ஜே.இ.இ. தரவரிசை 21,400: விருப்பப் பட்டியலில் எதை முதலில் வைப்பது?

கேள்வி:
என் மகள் தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்து, பொறியியல் நுழைவுத் தேர்வான ஜே.இ.இ. மெயினில் 21,400ஆம் இடம் பெற்றிருக்கிறாள். கணினி அறிவியல் படிக்க வேண்டும் என்பது அவளுடைய விருப்பம், திருச்சி என்.ஐ.டி. (தேசியத் தொழில்நுட்பக் கழகம்) மீதும் தீராத பற்று. என்.ஐ.டி. போன்ற மத்திய நிறுவனங்களில் இடம் ஒதுக்கும் ஜோசா கலந்தாய்வுக்கான விருப்பப் பட்டியலை நோட்டில் பென்சிலால் எழுதி, அழித்து, மீண்டும் எழுதி, தாளே கிழியும் நிலைக்கு வந்துவிட்டது. கிடைக்க வாய்ப்பில்லாத திருச்சி கணினி அறிவியலை முதலில் வைத்தால், கிடைக்கக்கூடிய இடமும் கைநழுவிப் போய்விடுமோ என்று அஞ்சுகிறோம். விவரம் அறிந்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1:
ஐயா, அந்த அச்சம் தேவையில்லை. பட்டியலின் முதல் வரியிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்து, மாணவரின் தரவரிசைக்கு எந்த வரியில் இடம் இருக்கிறதோ அதையே ஒதுக்குகிறார்கள். மேலே உள்ளவை கிடைக்காததால் கீழே உள்ளவற்றில் அவருக்குள்ள உரிமை சிறிதும் குறைவதில்லை. மாறாக, கிடைத்துவிடும் என்பதற்காகவே ஒன்றை மேலே ஏற்றினால், அது கிடைத்தபின் அதற்குக் கீழே உள்ள எதற்கும் மகளின் பெயர் பரிசீலிக்கப்படாது. ஆகவே மனம் விரும்பும் வரிசையிலேயே எழுதுங்கள்.

முந்தைய ஆண்டின் இறுதித் தரவரிசையை, அதாவது ஒவ்வொரு பிரிவிலும் கடைசியாக இடம் பெற்றவரின் தரவரிசையை, பார்க்கும்போதுதான் பலர் தவறுகிறார்கள். என்.ஐ.டி.களில் பாதி இடங்கள் சொந்த மாநிலத்தவருக்கு உரியவை. பன்னிரண்டாம் வகுப்பை எங்கே எழுதினாரோ அதுவே சொந்த மாநிலம், வீட்டு முகவரி அன்று. திருச்சிக்கு அந்த ஒதுக்கீட்டின் வரியைப் பாருங்கள். காரைக்காலில் உள்ள புதுச்சேரி என்.ஐ.டி.யில் உங்கள் மகள் பிற மாநிலத்தவர், காஞ்சிபுரம் ஐ.ஐ.ஐ.டி.யில் (இந்தியத் தகவல் தொழில்நுட்பக் கழகம்) மாநில ஒதுக்கீடே இல்லை. பெண்களுக்கென உள்ள இடங்களுக்கும் இறுதித் தரவரிசை தனியாக வெளியாகிறது, அதை விட்டுவிடாதீர்கள்.

மறுமொழி 2:
மேலே சொன்னது முற்றிலும் சரி. ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். நான் முதல் சுற்றில் இடம் கிடைத்த மகிழ்ச்சியில் ‘ஃப்ரீஸ்’, அதாவது இதுவே போதும், அடுத்த சுற்றுகளில் மாற்றம் வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன். கடைசிச் சுற்றில், அதே கல்லூரியில் நான் விரும்பிய பிரிவு என்னைவிடப் பின்தங்கிய தரவரிசைக்காரருக்குக் கிடைத்ததைப் பார்த்து வெகுநாள் வருந்தினேன். ‘ஃப்ளோட்’ கொடுத்தால் பட்டியலில் மேலே உள்ள எந்தக் கல்லூரிக்கும், ‘ஸ்லைடு’ கொடுத்தால் அதே கல்லூரியில் மேலே உள்ள பிரிவுக்கும் உயர வாய்ப்பு உண்டு. உயராவிட்டாலும் கையில் இருக்கும் இடம் போகாது. உயர்ந்துவிட்டால் பழைய இடத்துக்குத் திரும்ப முடியாது என்பதால், பட்டியலின் வரிசை உண்மையானதாக இருக்க வேண்டும்.

கல்லூரியா, பிரிவா என்பதை மகளே முடிவு செய்யட்டும். நான்கு ஆண்டுகள் படிக்கப்போவது கல்லூரியின் பெயரை அன்று, பாடத்தை என்பதே என் கருத்து. தமிழகப் பொறியியல் கலந்தாய்வு பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை மட்டுமே கொண்டு நடப்பதால், அதற்கும் விண்ணப்பித்து வையுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இருவருக்கும் மனமார்ந்த நன்றி. பெண்களுக்கான வரியை நாங்கள் பார்க்கவே இல்லை. நேற்றிரவு திருச்சி உலோகவியலின் பாடத்திட்டத்தை முழுவதும் படித்துப் பார்த்தபின், காஞ்சிபுரம் கணினி அறிவியலை அதற்கு மேலே வைத்திருக்கிறாள். முதல் வரியில் திருச்சி கணினி அறிவியல் அப்படியே இருக்கிறது.