விரிவுரையாளர்களுக்கு ஸ்லைடு பயிற்சி: மொரீசியஸ் வகுப்பறையில் திரையில் எவ்வளவு எழுத்து இருக்கலாம்?

ரோஸ் ஹில் பயிற்றுநர் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். மொரீசியசில் உள்ள ஓர் உயர்கல்வி நிறுவனத்தில் விரிவுரையாளர்களுக்குத் தொழில்நுட்பப் பயிற்சி அளிக்கும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பயிற்சிக்கு வருபவர்கள் பாடத்தில் கரைகண்டவர்கள்தாம். ஆனால் அவர்களில் பலர் பாடநூலின் பத்திகளை அப்படியே பவர்பாயிண்டில் ஒட்டி, மாணவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு திரையைப் பார்த்து வாசிக்கிறார்கள். ஒரு ஸ்லைடில் ஆறு வரி, ஒரு வரியில் ஆறு சொல் என்ற பழைய விதியைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று மேலிடத்தில் நினைக்கிறார்கள்; எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. நம் மாணவர்கள் வீட்டில் கிரியோல் பேசுகிறார்கள், செய்தித்தாளைப் பிரெஞ்சில் படிக்கிறார்கள், தேர்வை ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். இத்தகைய வகுப்பில் திரையில் எவ்வளவு எழுத்து இருக்கலாம்? பயிற்சிக்குக் கிடைப்பது அரை நாள்தான். எதை முதலில் வைப்பது?

மோக்கா விரிவுரையாளர்:

ஐயா, வணக்கம். தங்கள் ஐயம் சரியானதே. விரிவுரையாளர் பேசுவதையே திரையிலும் வாக்கியம் வாக்கியமாகக் காட்டினால், காதால் கேட்பதையும் கண்ணால் படிப்பதையும் ஒப்பிடுவதிலேயே மாணவரின் கவனம் செலவாகிவிடுகிறது என்பதை, கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் சாண்டா பார்பரா வளாகத்து உளவியலாளர் ரிச்சர்ட் மேயர் பல சோதனைகளின் வழி காட்டியிருக்கிறார். ஆனால் இதற்கு விலக்குகளும் உண்டு. கேட்பவருக்கு அந்த மொழி தாய்மொழியாக இல்லாதபோதும், பழகாத கலைச்சொற்கள் வரும்போதும், பேச்சோடு எழுத்தும் சேர்ந்து நிற்பது உதவக்கூடும். நம் வகுப்புகள் பெரும்பாலும் இந்த விலக்குக்குள்தான் வருகின்றன. ஆகவே எழுத்தைக் குறையுங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லாமல், எந்த எழுத்து இருக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள். கலைச்சொல், வரையறை, சூத்திரம், பெயர், ஆண்டு ஆகியவை திரையில் இருக்கட்டும். விளக்கம் வாய்மொழியாக வரட்டும். விளக்கத்தில் கிரியோல் கலந்தாலும் குற்றமில்லை, தேர்வில் எழுத வேண்டிய ஆங்கிலச் சொல் கண்ணெதிரே நிற்கிறதல்லவா?

அடுத்தது தலைப்பு. "சர்க்கரை ஏற்றுமதி" என்று தலைப்பிட்டு அதன் கீழ் ஏழெட்டுப் புள்ளிகளை அடுக்கிய ஸ்லைடு எதையும் சொல்வதில்லை. அதற்குப் பதிலாக, "ஐரோப்பிய ஒன்றியம் 2006ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தில் சர்க்கரையின் உறுதி விலையை 36 சதவீதம் குறைத்தது, மொரீசியசின் சர்க்கரைத் துறையை மறுசீரமைப்புக்குத் தள்ளியது" என்று முழு வாக்கியத்தையே தலைப்பாக வைத்து, கீழே விலை இறங்குவதைக் காட்டும் ஒரே ஒரு வரைபடத்தை வைத்தால், பாடத்தின் வாதம் என்ன, அதற்குச் சான்று என்ன என்பது ஒரே பார்வையில் விளங்கிவிடும். வரைபடத்தையும் ஒரேயடியாகக் காட்ட வேண்டாம், முதலில் அச்சுகள், பிறகு பழைய விலை, "இனி என்ன ஆகும்?" என்ற கேள்வி, அதன் பிறகு புதிய விலை என்று படிப்படியாக வரவழைக்கலாம். அனிமேஷன் உருப்படியாகப் பயன்படும் இடம் இதுதான். மற்றபடி எழுத்துகள் பறந்து வருவதெல்லாம் கல்யாண வீடியோவோடு நிற்கட்டும்.

அரை நாளில் விரிவுரை வேண்டாம். ஒவ்வொருவரும் தம் பாடத்திலிருந்து மிக நெரிசலான ஒரு ஸ்லைடைக் கொண்டுவந்து, அதை அங்கேயே திருத்தி, பக்கத்தில் இருப்பவருக்குப் பாடமாக நடத்திக் காட்டட்டும்.

கணக்கியல் ஆசிரியை:

மேலே சொன்னவற்றை மறுக்கவில்லை, ஆனால் நடைமுறையில் ஓர் இடர் உண்டு. மாணவர்கள் ஸ்லைடுகளைத்தான் பாடக்குறிப்பாக அச்சிட்டுப் படிக்கிறார்கள். 2024 ஜனவரியில் பெலால் புயலின்போது போர்ட் லூயிஸ் தெருக்களில் வெள்ளம் ஓடியதை எல்லோரும் பார்த்தோம். அப்படி வகுப்புகள் நின்றுபோகும் நாட்களில், வெறும் படமும் ஒரு வாக்கியமும் உள்ள ஸ்லைடை வைத்துக்கொண்டு மாணவர் என்ன செய்வார்? எழுத்து குறைந்தால் முதலில் முறையிடுபவர்களும் அவர்கள்தாம்.

மோக்கா விரிவுரையாளர்:

அம்மா, முறையீடு நியாயமானது. ஆனால் அதற்குத் தீர்வு ஸ்லைடை நிரப்புவதன்று, குறிப்பைத் தனியாகக் கொடுப்பது. பவர்பாயிண்டில் ஒவ்வொரு ஸ்லைடுக்கும் கீழே குறிப்பு எழுதும் பகுதி இருக்கிறது. தற்போது திரையில் ஒட்டப்படும் பத்திகளை அங்கே நகர்த்தி, "குறிப்புப் பக்கங்கள்" என்ற வடிவில் பிடிஎஃப் ஆக்கி, மாணவர்கள் பாடப்பொருளைப் பெறும் மூடுல் இணையதளத்தில் ஏற்றிவிட்டால், மேலே ஸ்லைடும் கீழே முழு விளக்கமுமாக ஒரு கையேடு கிடைத்துவிடும். வகுப்பில் அதே குறிப்புகள் விரிவுரையாளரின் மடிக்கணினியில் மட்டும் தெரியும்படி அமைத்துக்கொள்ளலாம் என்பதால், திரையைத் திரும்பிப் பார்த்து வாசிக்கும் தேவையும் இல்லாமல் போகிறது.

குரேப்பிப் இயற்பியலார்:

இரண்டு சிறு செய்திகள். ஸ்லைடு ஓடும்போது ஆங்கில "B" விசையை அழுத்தினால் திரை கருத்துவிடும், மீண்டும் அழுத்தினால் வரும். மாணவரின் கண்கள் பலகைக்கோ ஆசிரியருக்கோ திரும்ப இதைவிட எளிய வழி இல்லை. மற்றொன்று, ஹார்வர்டில் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் வகுத்த முறை: ஒரு கருத்துக் கேள்வியைத் திரையில் காட்டி, ஒவ்வொருவரும் தனியே விடை சொன்ன பிறகு, சரியான விடை சுமார் 30 முதல் 70 சதவீதத்திற்குள் இருந்தால் பக்கத்தில் இருப்பவரோடு விவாதிக்கவிட்டு மறுபடி கேட்பது. விடைகளைத் திரட்டக் கைபேசிச் செயலி இல்லாவிட்டாலும், மாணவர்கள் தூக்கிக்காட்ட நான்கு வண்ண அட்டைகள் போதும்.

ரோஸ் ஹில் பயிற்றுநர்:

மிக்க நன்றி. தமிழ்த் துறையிலிருந்தும் சிலர் வருகிறார்கள். அவர்களுடைய ஸ்லைடுகள் வகுப்பறைக் கணினியில் வெறும் ஆங்கில எழுத்துக் குப்பையாகத் தெரிகின்றனவாம்.

மோக்கா விரிவுரையாளர்:

அவை பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்டவையாக இருக்கும். அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அப்படித்தான் தெரியும். இணையத்தில் உள்ள எழுத்துரு மாற்றிகளில் ஒன்றைக் கொண்டு, எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான யூனிகோடு குறியீட்டுக்கு மாற்றி, விண்டோசுடன் வரும் நிர்மலா யுஐ எழுத்துருவில் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். மாற்றியபின் ஒருமுறை மெய்ப்புப் பார்க்க வேண்டும், ஏனெனில் கொம்பும் காலும் சில இடங்களில் பிசகும். வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டினால்தான் மேலே வரும் புள்ளியும் சுழியும் பின்வரிசைக்குத் தெளிவாகத் தெரியும்.