பொருள்: ஒரே பக்கத்தில் மூன்று 'தடுப்பு' (நாளை அச்சு!)

வண்ணாரப்பேட்டை, மாலை 6.40
செவிலியர் வகுப்புக் கையேடு நாளைக் காலை ராயபுரம் அச்சகத்துக்குப் போகவேண்டும். ஒரு சொல்லில் நிற்கிறேன்: குருதிக்கும் மூளையைச் சூழ்ந்த நீருக்கும் இடையிலுள்ள காப்புக்கு (barrier) என்ன பெயர் வைப்பது? கடும் நோய்த்தொற்றின்போது நோயெதிர்ப்பு உயிரணுக்கள் விடும் சைட்டோகைன்கள் என்னும் செய்திப் புரதங்கள், அந்த மூளைநீரைச் சுரக்கும் கோராய்டு பின்னலில் உயிரணுக்களின் இணைப்புகளைத் தளர்த்துகின்றன. குருதியிலிருந்து வரக்கூடாதவை நீருக்குள் கசிகின்றன. அந்தக் காப்பைத் 'தடுப்பு' என்றால், அதே பக்கத்தில் நோய்த்தடுப்பும் தடுப்பூசியும் இருக்கின்றன. "ஊசி போட்டால் இந்தத் தடுப்பு வருமா, மிஸ்?" என்று நேற்றே ஒரு மாணவி கேட்டுவிட்டாள்.

பெரம்பூர், 7.15
'அரண்' இருக்க வேறெதற்கு, அம்மா? குறள் 742 அரணுக்கு முதலில் வைப்பதே 'மணிநீர்'. நீரரண் என்க. மூளைநீர் நாளொன்றுக்குச் சுமார் 500 மில்லிலிட்டர் சுரக்கிறது, உள்ளே நிற்பதோ 150 தான்; எந்த அகழியில் இப்படித் தண்ணீர் மாறியது? பெரும்பாணாற்றுப்படையில் 'அடிபுதை அரணம்' என்று செருப்புக்கும் இச்சொல் வருகிறது.

தண்டையார்பேட்டை, 7.50
செருப்பைத் தலைக்கு ஏற்றவேண்டாம், ஐயா. நீரரண் என்றால் நீர் காக்கிறது என்றாகும். இங்கே நீரையல்லவா காக்கவேண்டும்? 'மதில்' என்போம். பழைய சிறைச்சாலைச் சாலையில் சென்னையின் பழைய நகர மதிலின் மிச்சம் மாடிப் பூங்காவாக நிற்கிறது. அதற்கு வரி கேட்ட கதைதான் வால்டாக்ஸ் சாலை. மதிலுக்கு வாயிலும் உண்டு. குளுக்கோஸ் போகவேண்டாமா?

திருவொற்றியூர், 8.30
மதில் இடியும், தளராது. இது தளர்ந்து, அழற்சி தணிந்தால் மீண்டும் இறுகவும் கூடும். இடமும் ஒன்றல்ல: மூளைக்குள் குருதி நுண்குழாய்ச் சுவரே தடுப்பு, கோராய்டு பின்னலில் அந்தச் சுவர் துளையுள்ளது, மேலே போர்த்திய உயிரணு வரிசைதான் தடுக்கிறது. இரண்டுக்கும் ஒரே மதிலா?

வண்ணாரப்பேட்டை, 9.05
வகுப்பில் ஒரு பழைய ரவிக்கையின் அக்குளைப் பிரித்துக் காட்டினேன். "துணி கிழியவில்லை, தையல் விட்டிருக்கிறது" என்றதும் அத்தனை பேருக்கும் புரிந்தது. இணைப்புக்குத் 'தையல்' என்று வைக்கலாமா?

பெரம்பூர், 9.20
தையல் என்றால் பெண். ஔவையே அப்படி ஆண்டிருக்கிறாள்.

திருவொற்றியூர், 9.22
ஐயா, தூங்கப் போங்கள்.

வண்ணாரப்பேட்டை, 10.50
மூவர் ஒப்பியதால், ஒப்பினார்களோ ஓய்ந்தார்களோ, 'குருதி–மூளைநீர்த் தடுப்பு' என்றே அனுப்புகிறேன். விளக்கத்தில் தையல் இருக்கும்.

பெரம்பூர், 10.58
மெய்ப்புத் திருத்த என்னிடம்தானே வரும்? வரட்டும்.